மாப்பிள்ளை மடித்த கம்பளி

பெரியபட்டினத்தில் ஒரு மாப்பிள்ளை தன் படுக்கையைத் தானே மடித்து வைத்தால், அன்றைக்கு அந்த வீட்டு மாமியாருக்குச் சோறு இறங்காது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. இங்கே கல்யாணமானாலும் பெண் புகுந்த வீடு போவதில்லை. வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் வந்து சேருகிறவர். முப்பது வருஷம் இருந்தாலும் அவர் விருந்தாளி. அவர் படுத்த பாயைப் பெண்டாட்டி சுருட்டுவாள், இல்லையென்றால் மாமியார் சுருட்டுவாள். அவரே சுருட்டினால், ‘உங்கள் மரியாதை போதும், நான் கிளம்புகிறேன்’ என்று பொருள்.

ஹமீது சுல்தான் கொழும்பிலிருந்து வந்து இன்றோடு ஒன்பது நாள். ஒன்பது நாளும் மடித்தார்.

அவர் மாமியார் சித்தி ஜுனைதாவுக்கு ஏற்கெனவே மனம் சரியில்லை. காரணம் அந்தக் கடிதம். அவளுடைய ஒரே மகன் வாவு முகம்மது கொழும்பில் மச்சானோடு ஒரே அறையில் தங்கி, ஒரே துணிக்கடையில் வேலை பார்க்கிறவன். எட்டு மாதமாக ஹமீதிடமிருந்து ஒரு வரி இல்லை. இடையில் வாவு மட்டும் எழுதினான்.

‘மச்சான் இப்போது கொழும்பில் இல்லை. கண்டிப் பக்கம் ஒரு வீட்டில் தங்கல். அவருடைய டிஸ்பொசிஷன் முன்னைப் போல் இல்லை. இதற்கு மேல் நான் எழுதுவது அழகல்ல.’

அந்த இங்கிலீஷ் வார்த்தையைத் தூக்கிக்கொண்டு ஜுனைதா பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்குப் போனதையும், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னதையும் போன வாரமே பார்த்தோம்.

“ஒரு ஆளோட கொணம், சுபாவம், அதுக்கும் இந்த வார்த்தைதான். சாமான்கள எத எங்கன வைக்கிறதுங்கிற ஒழுங்கு இருக்குல்ல, அதுக்கும் இதேதான். சொத்த இன்னாருக்குன்னு ஒப்படைக்கிறதுக்கும் வக்கீல்மாரு இதத்தான் எழுதுவாக.”

“ஒரு வார்த்தைக்கு மூணு வேலையா? வெள்ளைக்காரன் கஞ்சப்பயதான்” என்று சொல்லிவிட்டு, ஜுனைதா முதல் அர்த்தத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் குணம் மாறிவிட்டது. கண்டியில் ஒரு வீடு. வீடென்றால் உள்ளே ஒருத்தி இல்லாமலா?

மகள் மெஹருன்னிசாவுக்கு அந்த இரண்டாவது அர்த்தமும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் புருஷன் திரும்பி வந்தபோது குணம் மட்டும் மாறி வரவில்லை. சாமான் வைக்கிற ஒழுங்கும் மாறி வந்திருந்தது.

அன்று காலை அடுப்படியில் அதைப் பற்றித்தான் பேச்சு.

“பாத்தியா, இன்னைக்கும் மடிச்சாச்சு.”

“மடிச்சா என்ன உம்மா? எனக்கு வேலை மிச்சம்.”

“வேலை மிச்சமா? ஏத்தா, இதே ஆளு குளிச்ச துண்டக் கெணத்துக்குள்ள விட்டுட்டு, துண்டக் காணோம்னு தெருவையே கூட்டினவரு. ஒரு செருப்பு வாசல்ல கிடக்கும், இன்னொண்ணு கோழிக்கூட்டுல கிடக்கும். அந்தக் கை தானாத் திருந்துமா? பக்கத்துல ஒருத்தி நின்னு, ‘இப்பிடி மடிங்க, அப்பிடி வைங்க’ன்னு கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லிக் குடுத்திருக்கா.”

கொஞ்சுகிற இடத்தில் ஜுனைதா குரலை மெலிதாக்கி, கழுத்தையும் ஒரு வெட்டு வெட்டினாள். வேறு நேரமாக இருந்தால் மெஹருன்னிசா சிரித்திருப்பாள்.

“இன்னைக்குச் சாயங்காலம் அசர் தொழுதுட்டு ஒம் மாமா வாராக. நான்தான் வரச் சொன்னேன். எட்டு மாசம் எங்கன இருந்தாருன்னு கேப்பாக. பதில் சொன்னா சரி. சொல்லாட்டி வந்த பெட்டியோட போகட்டும். ஜமாத்துல சொல்லி முடிச்சு விட்டுருவோம்.”

“முடிச்சு விட்டா நான் என்ன செய்ய?”

“இங்கன இரு. ஒன் வீடு.”

கல்யாணமாகிப் பத்து வருஷம். அவர் கொழும்பில் இருந்த நாளைக் கழித்துப் பார்த்தால் இருவரும் சேர்ந்து வாழ்ந்தது இரண்டு வருஷம் தேறாது. அந்த இரண்டு வருஷத்தைத்தான் மெஹருன்னிசா மீதி எட்டு வருஷமும் வைத்து வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அதுவும் இன்று அசருக்குப் பிறகு இருக்குமா, தெரியாது.

தெரியாது என்றாலும் அவள் உம்மாவைத் தடுக்கவில்லை. ஹமீது வந்த அன்றே, “கடல் காத்து பட்ட உடம்பு, மாடியில காத்தாட இருக்கட்டும்” என்று ஜுனைதா அவரை மாடி அறைக்கு அனுப்பியபோதும் தடுக்கவில்லை. அவளுக்கும் சந்தேகம்தான்.

நேற்று ஒரு காரியம் செய்தாள். பாரை மீன் ஆணத்தில் வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்தாள். முன்பெல்லாம் உப்பு ஒரு கல் குறைந்தாலே ஹமீது சட்டியோடு எழுந்து நின்று, “கடல் இங்கனதான இருக்கு, ஒரு கை அள்ளிப் போட்டா என்ன?” என்று சத்தம் போடுகிறவர். சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் ஓடும். பிறகு அவரே சிரித்துவிடுவார்.

நேற்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டைச் சுற்றி இடது கையை வளைத்துக்கொண்டு, யாரோ பிடுங்கிவிடப்போகிறார்கள் என்பது போல நாலே நிமிஷத்தில் தின்று முடித்துவிட்டு எழுந்து போனார்.

‘வேற கைச் சோத்துக்கு நாக்குப் பழகிருச்சு. இங்கன உப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன’ என்று நினைத்தாள். நினைத்த பிறகு அவள் தட்டிலிருந்த சோற்றை அவளால் தின்ன முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் அவர் மாடி அறையில் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொள்கிறார். கதவையே பார்த்துக்கொண்டு, பேசாமல், கால் மணி நேரம். பிறகுதான் எழுந்து நடமாடுகிறார். மெஹருன்னிசா இரண்டு தடவை படிக்கட்டிலிருந்து பார்த்துவிட்டாள். யாருக்காகக் காத்திருக்கிறார்? யாரை நினைத்து?

பத்து மணி வாக்கில் ஹமீது கடற்கரைப் பக்கம் போயிருந்தார். மெஹருன்னிசா துணி காயப்போட மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். அப்போது பக்கத்து வீட்டுத் தோப்பிலிருந்து சத்தம் வந்தது.

“மரம் ஏறப்போறேன்! தாய்மாரு உள்ள போங்க!”

ராக்கப்பன். உச்சிப்புளிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரன். நாற்பது நாளைக்கு ஒரு தடவை தேங்காய் வெட்ட வருவான். உச்சிக்குப் போய்விட்டால் நாலு வீட்டு முற்றம் அவன் கண்ணுக்குத் தெரியும் என்பதால், மூன்று தடவை கூவிவிட்டுத்தான் கயிற்றில் காலை வைப்பான். அவன் கூவினால் தெருவில் உள்ள பெண்கள் எல்லாரும் கிணற்றடியில் போட்டது போட்டபடி உள்ளே ஓடுவார்கள்.

மெஹருன்னிசாவுக்கு இறங்க நேரமில்லை. மாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

இரண்டு காய் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அதற்கப்புறம் மரத்து உச்சியிலிருந்து ஒரு சிரிப்பு.

“என்ன ராக்கப்பா, மரத்துல ஒக்காந்து சிரிக்கிற?” என்று கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டாள்.

“ஆத்தாடி! யாரு, மெகரு தாயியா? நான் பாக்கல தாயி, கதவுக்கு அங்கிட்டே இருங்க.”

“இருக்கேன். எதுக்குச் சிரிச்ச?”

“ஒண்ணுமில்ல. உங்க வீட்டுல யாரு தாயி ஜெயிலுக்குப் போயிட்டு வந்தது?”

“ஒன் வாயில மண்ணு விழ!”

“கோவிக்காதீக. மாடி அறை தொறந்து கிடக்கு, அதான் கண்ணுல பட்டுச்சு. கம்பளிய நாலா மடிச்சு, அதுக்கு மேல தட்டக் கவுத்தி, தட்டு மேல கோப்பைய வச்சு, கோப்பைக் காதத் தெக்குப் பாக்கத் திருப்பி, அங்கன பாருங்க, துண்டைக்கூட நூல் புடிச்சாப்ல... அப்படியே ஜெயில் வரிசை தாயி! அதப் பாத்ததும் அதிகாரி வாராரான்னு திரும்பிப் பாத்துட்டேன். அப்பறந்தான் சிரிப்பு வந்துச்சு.”

மெஹருன்னிசா கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள்.

“அது ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியாம? கள்ளு எறக்குனேன்னு மதுரையில மூணு மாசம் களி தின்னவன்ல நான்! கள்ளு கூடாதுன்னு சர்க்காரு எங்கிட்டதான் சொல்லுச்சு, தென்னைகிட்டச் சொல்லல. அது பாட்டுக்குச் சொரந்துச்சு.” அவனே அதற்கும் சிரித்துக்கொண்டான். “விடிஞ்சதும் எல்லாத்தையும் இப்பிடி அடுக்கி வச்சுட்டு, பக்கத்துல குத்தவச்சு ஒக்காரணும். அதிகாரி வருவாரு. கோப்பைக் காது கொஞ்சம் கோணலா இருந்தாக்கூட அன்னைக்குக் கஞ்சி கெடையாது.”

“குத்தவச்சா?”

“ஆமா. கதவப் பாத்து.”

மெஹருன்னிசா மாடி அறைப் பக்கம் திரும்பினாள்.

“எல்லா ஊர்லயும் இப்பிடித்தானா ராக்கப்பா? சீமை... இலங்கை... எல்லா எடத்துலயும்?”

“வெள்ளைக்காரன் கட்டுனதெல்லாம் ஒரே அளவுதான தாயி. அவன் போயி எட்டு வருசம் ஆகியும் எங்களுக்கு அதே அளவுக் கோப்பைதான்...” என்று இழுத்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். கொழும்பு மாப்பிள்ளை ஊருக்கு வந்திருப்பது அவனுக்கும் தெரியும். வெறும் கையால் ஓலையைத் தட்டினான். குரல் மாறிவிட்டது.

“நான் ஒண்ணும் பாக்கல தாயி. மரத்துல இருக்கவனுக்குக் கண்ணு தேங்கா மேலதான். கிறுக்குப்பய எதையோ ஒளறிட்டேன்.”

அதன் பிறகு காய் மளமளவென்று விழுந்தது.

ராக்கப்பன் இறங்கிப் போன பிறகு அவள் மாடி அறைக்குள் போனாள். அவன் சொன்னது அத்தனையும் இருந்தது. கம்பளி, தட்டு, கோப்பை. கோப்பைக் காது தெற்கே பார்த்து இருந்தது. ஒன்பது நாளாக இதைப் பார்த்து ஒரு பெண்ணின் கையை அவள் மனக்கண்ணில் வரைந்துகொண்டிருந்தாள். வளையல்கூடப் போட்டுவிட்டிருந்தாள்.

ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தேங்காய் வெட்டுகிறவன் பேச்சை நம்பிப் புருஷனை ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா? கையை நீட்டி, கோப்பையின் காதை வடக்குப் பக்கம் திருப்பி வைத்தாள். மூலையில் போய் நின்றுகொண்டாள்.

ஹமீது மத்தியானம் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். செருப்பை வெளியே கழற்றி, குனிந்து சேர்த்து வைத்தார். உள்ளே வந்தார். அவளைப் பார்ப்பதற்கு முன்னால் கோப்பையைப் பார்த்தார். ஒரே எட்டில் போய் அதைத் திருப்பி வைத்தார். வைத்த பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்தார், யாரும் கண்டுவிட்டார்களா என்பது போல.

அப்போதுதான் அவர் மூலையில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தார்.

“எத்தனை மாசம்?” என்று கேட்டாள் மெஹருன்னிசா.

அவர் எதை என்று கேட்கவில்லை. கம்பளிக்குப் பக்கத்தில் அப்படியே குத்தவைத்துவிட்டார்.

“எட்டு.”

“கண்டியிலயா?”

“கண்டியா? கண்டிக்கு நான் போனதே இல்ல மெகரு. கொழும்புலயேதான். அங்கன ஜெயிலுக்கு மறியல்னு பேரு.” ஒன்பது நாளில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. “ஏன், வாவு எழுதலையா? ‘கடை வேலையா மச்சான் வெளியூர் போயிருக்காக, ஆறேழு மாசம் கடுதாசி வராது, கவலப்படாதீக’ன்னு எழுதிப் போடுறேன்னு சத்தியம் பண்ணுனானே.”

‘கண்டிப் பக்கம் ஒரு வீட்டில் தங்கல்’ என்ற வரி, வாவுவின் சாய்ந்த கையெழுத்தோடு மெஹருன்னிசாவின் கண் முன்னால் வந்து நின்றது. வெளியூர் எங்கே, கண்டி வீடு எங்கே? ‘இதற்கு மேல் எழுதுவது அழகல்ல’ என்று வேறு போட்டிருந்தானே.

“என்ன குத்தம்?”

“பட்டுத் துணி மூட்டை. தீர்வை கட்டாம வந்தது. என் கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. போலீஸ்காரன் வந்தான், யாருதுன்னு கேட்டான். என்னோடதுன்னு சொன்னேன்.”

“ஒங்களதா?”

“விடு மெகரு.”

“அந்த அறையில எத்தனை கட்டிலு?”

“ரெண்டு.”

“இன்னொண்ணு யாருது?”

ஹமீது தரையைப் பார்த்தார். பழைய ஹமீதாக இருந்தால் இந்நேரம் கத்தியிருப்பார். கத்தினால் அவளுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

“ஒங்களப் பாக்கவாவது வந்தானா?”

“மொத மாசம் வந்தான். அழுதான். பொறகு வேலை அதிகம் போல.”

“இதையெல்லாம் கீழ வந்து உம்மாகிட்டச் சொல்லுங்க. இன்னைக்கு அசருக்கு மாமா வாராக. நீங்க பதில் சொல்லாட்டி, ஒங்கள...” அவளால் முடிக்க முடியவில்லை.

“தெரியும். ஒங்க உம்மா காலையிலயே நான் கேக்கணும்னு சத்தமாத்தான் பேசுனாக.” அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. “மெகரு, அவுகளுக்கு ஒத்தை மகன். மாமா மகளோட நிக்காஹ் பேசி வச்சிருக்கு. ஜெயிலுக்குப் போக வேண்டியவன்னு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா? நான் வாக்குக் குடுத்துட்டேன். நீ வாயத் தொறந்தேன்னா நான் இருந்த எட்டு மாசமும் வீண்.”

பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். ஹமீது எழுந்து போனார். போகும்போது, “பெட்டிய எடுத்து வச்சிரு” என்றார்.

மெஹருன்னிசா பெட்டியைத் தொடவில்லை. கீழே இறங்கி வந்தபோது ஜுனைதா வெற்றிலைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மாடியில என்ன இம்புட்டு நேரம்?”

“துணி காயப்போட்டேன்.”

“துணிக்கூடை படியிலயே கிடக்கு.” ஜுனைதா மகளை மேலும் கீழும் பார்த்தாள். “ஏதாச்சும் சொன்னாரா?”

“இல்ல.”

“சொல்ல மாட்டாரு. சொல்ல வாயி எங்க இருக்கு?”

மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உம்மாவின் பெட்டிக்குள் வாவுவின் கடிதங்கள் அத்தனையும் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. அந்த உம்மாவிடம் என்ன என்று சொல்வது? சொன்னாலும், ‘புருசனக் காப்பாத்த தம்பியத் தின்னுட்டா’ என்றுதான் வரும்.

அப்துல் குத்தூஸ் அசருக்குப் பிறகு வந்தார். ஜுனைதாவின் அண்ணன், ஜமாத்தில் முன் வரிசையில் உட்காருகிறவர். பொய் சொன்னவனைப் பத்து வருஷம் கழித்தும் முகம் பார்க்கமாட்டார் என்று பெயர். அவருடைய இரண்டாவது மகளைத்தான் வாவுவுக்குப் பேசியிருந்தது.

வாசல் கூடத்தில் அவருக்கு நாற்காலி. எதிரே ஹமீதுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தும் அவர் நின்றுகொண்டே இருந்தார். உள் கதவின் திரைக்குப் பின்னால் ஜுனைதாவும் மெஹருன்னிசாவும்.

“ஒக்காருங்க மாப்பிள்ளை.”

“இருக்கட்டும் மாமா.”

“ஒங்களக் கேக்க எனக்கும் சங்கடந்தான். ஆனா கேட்டுத்தான் ஆகணும். எட்டு மாசம் எங்கன இருந்தீக?”

“அத மட்டும் கேக்காதீக மாமா.”

“அப்ப, பொம்பளை விசயந்தானா?”

“இல்ல.”

“வேற என்ன?”

ஹமீது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“பாருங்க காக்கா!” திரைக்குப் பின்னாலிருந்து ஜுனைதா அண்ணனிடம் தொடங்கினாள். “என் மகன் எழுதுன கடுதாசிய ஒங்க கண்ணால பாத்தீகள்ல. கண்டியில வீடு! கொணம் மாறிப்போச்சுன்னு எழுதியிருக்கான், இங்கிலீசுல வேற எழுதியிருக்கான். கம்பளி மடிக்கிற அழகப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. இம்புட்டுப் பழக்கிவிட்டவ யாரோ, அவகிட்டயே போகச் சொல்லுங்க.”

அப்துல் குத்தூஸ் வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, நான் தடவை தடவையாக் கேக்கிற ஆளு இல்ல. பதில் இல்லைன்னா, இந்த வீட்டுல ஒங்கள இருங்கன்னு சொல்ல எனக்கு வாயில்ல.”

“நான் கிளம்புறேன் மாமா.”

“நில்லுங்க.”

குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. ஆனால் அது ஜுனைதாவின் குரல் இல்லை. ஜுனைதா மகளின் கையில் நறுக்கென்று கிள்ளினாள். மெஹருன்னிசா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“மாமா, அவுக எங்கன இருந்தாகன்னு எனக்குத் தெரியும். அங்கன பொம்பளை யாரும் கெடையாது. வல்லாஹி, அல்லா மேல ஆணை.”

ஹமீது திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

“எடம் எதுன்னு நான் சொல்ல மாட்டேன். அது அவுக குடுத்த வாக்கு. நான் ஒடைக்க மாட்டேன்.”

“யாருக்குக் குடுத்த வாக்கு?” என்று கேட்டார் அப்துல் குத்தூஸ்.

மெஹருன்னிசா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் விளங்கல மாமா. வாவு கொழும்புல கடைய விட்டு நகராதவன். கண்டியில ஒரு வீடு இருக்குன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?”

அந்தக் கேள்வி அப்துல் குத்தூஸின் நெற்றியில் மெல்ல ஏறுவது தெரிந்தது.

“ஏண்டி!” ஜுனைதாவுக்குச் சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. “தம்பி மேலயா திருப்புற? பெத்த வயித்துல கல்லப் போடுறியா?”

“ஜுனைதா, சும்மா இரு” என்றார் அண்ணன். “வல்லாஹின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா. அதுக்கு மேல நான் இந்த மாப்பிள்ளைய வெளிய அனுப்ப மாட்டேன். மத்தத வாவுகிட்டயே கேட்டுட்டாப் போச்சு. அவன்தான் நாளான்னைக்கு வாரானே.”

“யாரு?” என்றாள் மெஹருன்னிசா.

“வாவு. நேத்தே தந்தி வந்துச்சே. ஒன் உம்மாகிட்டதான மொதல்ல சொன்னேன். ஜுனைதா, நீ சொல்லலையா?”

மெஹருன்னிசா உம்மாவைப் பார்த்தாள். ஜுனைதா திரையின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

“மாப்பிள்ளை போகட்டும், பொறகு சொல்லலாம்னு இருந்தேன். புள்ள வந்தா அவனுக்கு மாடி அறை வேணும்ல.”

அதற்காகத்தான் இன்றைக்கே மாமாவை அழைத்தார்களா? நாளை மறுநாளுக்குள் அறை காலியாக வேண்டும் என்றா? அல்லது ஹமீதும் வாவுவும் ஒருவரை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்று வேறு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? பெற்ற தாயை மெஹருன்னிசா சந்தேகத்தோடு பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“மாடி அறைய எடுத்துக்கங்க உம்மா,” என்றாள். மாமா கேட்கும்படியே சொன்னாள். “அவுக சாமான இப்பவே கீழ எறக்குறேன். இனிமே அவுக என் அறையில இருப்பாக.”

தாய்மாமன் முன்னால் ஒரு பெண் சொல்லக் கூடிய பேச்சா அது? அப்துல் குத்தூஸ் ஓட்டுக் கூரையை நிமிர்ந்து பார்த்தார். ஹமீது அதுவரை நின்றுகொண்டிருந்தவர், நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்தச் சங்கடத்தை மாற்றத்தான் அப்துல் குத்தூஸ் சட்டைப் பையைத் துழாவினார். போஸ்ட் மாஸ்டர் தமிழில் எழுதிக் கொடுத்த தந்தித் தாளை எடுத்து, தூரமாகப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

“‘வியாழக்கிழமை தனுஷ்கோடி. இரண்டு பேர் வருகிறோம். வாவு.’ கூட்டாளி எவனையாச்சும் கூட்டிட்டு வாரானாக்கும். வண்டி பெருசாப் புடிக்கணும்னு...”

“ரெண்டு பேரா?”

கேட்டது ஹமீது. அந்தக் கூடத்தில், யாரும் கேட்காமல் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அது ஒன்றுதான். வந்த வேகத்திலேயே அதைத் திரும்ப விழுங்கிவிடலாமா என்பது போல உதட்டை இறுக்கிக்கொண்டார்.

அப்துல் குத்தூஸ் தாளை மடிக்கவில்லை. அவர் இப்போது ஜமாத்துப் பெரியவர் இல்லை. ஒரு பெண்ணைப் பெற்றவர்.

“யாரு மாப்பிள்ளை,” என்று மெதுவாகக் கேட்டார், “அந்த ரெண்டாவது ஆளு? கண்டி வீட்டு ஆளா?”

ஹமீது அவரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னால், மகளைக் கிள்ளிய ஜுனைதாவின் கை, மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.